ஜாடை பார்த்து மூளும் சண்டை

போன இதழில், "ஆஸ்துமாவுக்குத் தினமும் இழுக்கச் சொன்ன இன்ஹேலரைச் சொந்த முடிவில் நிறுத்தாதீர்கள், அதில் இருப்பது ஸ்டீராய்டுதான், இருந்தாலும் பயப்பட வேண்டாம்" என்று போகிற போக்கில் எழுதிவிட்டேன். அந்த 'இருந்தாலும்' என்ற ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு கடிதங்கள் குவிந்துவிட்டன. ஆசிரியர் எல்லாவற்றையும் ஒரு பெரிய உறையில் போட்டு, "மூட்டியவரே அணைக்கவும்" என்று மேலே எழுதி அனுப்பியிருந்தார். சரி, இந்த மாதம் முழுக்க அதுதான். எனக்கும் ஆறு வயதிலிருந்து ஆஸ்துமா உண்டு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டாக்டராகவும் நோயாளியாகவும் மேசைக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்தவள் என்பதால் சில இடங்களில் குரல் கொஞ்சம் உயரும். பொறுத்துக்கொள்ளுங்கள். முதலில் வாசகரின் கடிதம், அதற்குக் கீழே என் பதில் என்று வரிசையாகப் போகிறேன்.

எனக்கு 34 வயது, பள்ளி ஆசிரியை. நோய் எதிர்ப்புச் சக்தி அளவுக்கு மீறி வேலை செய்வதால்தான் ஆஸ்துமா வருகிறது என்கிறார் என் டாக்டர். ஆனால் எனக்கு மாதம் தவறாமல் சளி பிடிக்கிறது. மூன்றாம் நாள் நெஞ்சுக்குள் பூனை கத்த ஆரம்பித்துவிடும். சக்தி அதிகம் என்றால் சளியே பிடிக்கக் கூடாதே? இதில் ஸ்டீராய்டு வேறு இழுத்தால் இருக்கிற சக்தியும் போய்விடாதா? ஏதோ 'ரிசப்டர் தூண்டப்படுகிறது' என்றும் சொன்னார். அது என்ன?

உங்கள் டாக்டர் சொன்னது சரி. நீங்கள் மடக்கிக் கேட்டதும் சரி. 'அளவுக்கு மீறி' என்ற சொல்தான் வம்பு. உங்களுக்குச் சக்தி அதிகமாக இல்லை. ஆளைத் தவறாக அடையாளம் கண்டு அடிக்கிறது, அவ்வளவுதான்.

நம் எதிர்ப்பாற்றலில் இரண்டு வகை உண்டு. ஒன்று, பட்டுத் தெரிந்துகொள்வது. தட்டம்மை ஒரு முறை வந்துவிட்டால் அந்தக் கிருமியின் முகம் உடம்புக்கு மனப்பாடம், ஆயுசுக்கும் மறக்காது. மற்றது, பிறக்கும்போதே கூட வருவது. அதற்கு எந்தக் கிருமியையும் தனித்தனியாகத் தெரியாது, ஜாடை மட்டும் தெரியும். ஒரு குடும்பத்துப் பிள்ளைகளை மூக்கை வைத்தே "இன்னார் வீட்டுப் பிள்ளையா நீ?" என்று கேட்பார்களே, அந்த மாதிரி. பாக்டீரியாக்களில் ஒரு பெரிய கூட்டத்துக்கு வெளிப்பூச்சில் எண்டோடாக்சின் என்ற பொருள் இருக்கும். நீந்தும் பாக்டீரியாக்களுக்கு வால் இருக்கும். பல வைரஸ்கள் பெருகும்போது இரட்டை வடமாக ஆர்என்ஏ என்ற மரபுப்பொருள் தோன்றும். இவைதான் ஜாடை. இந்த ஜாடைகளைப் பிடிக்கும் புரதங்களைத்தான் ரிசப்டர் என்கிறோம். ஏற்பி என்று எழுதுவோரும் உண்டு. செல்லின் மேலும் உள்ளேயும் பதிந்திருக்கும்.

அவற்றில் பேர்போனது டோல் ரிசப்டர் குடும்பம். பெயர் வந்த கதை எனக்குப் பிடிக்கும். பழ ஈயின் கருவை ஆராய்ந்துகொண்டிருந்த கிறிஸ்டியானே நுஸ்லைன்-ஃபோல்ஹார்ட், விசித்திரமாக வளர்ந்த ஒரு கருவைப் பார்த்து ஜெர்மனில் "டோல்!" என்றாராம். 'அட, அபாரம்!' என்று அர்த்தம். அந்த மரபணுவுக்கு அதுவே பெயராகிவிட்டது. ஈக்கு முதுகு எது, வயிறு எது என்று தீர்மானிக்கும் மரபணு அது. 1996-ல் ஜூல்ஸ் ஹாஃப்மன் குழு, அதே மரபணு கெட்டுப்போன ஈக்கள் பூஞ்சை பிடித்துச் சாகின்றன என்று கண்டது. அடுத்த ஆண்டே, அதற்குச் சொந்தமான ஒன்று மனிதரிடமும் இருப்பதாக மெட்ஜிடோவ், ஜேன்வே என்ற விஞ்ஞானிகள் காட்டினார்கள். 1998-ல் புரூஸ் பாய்ட்லர் குழு, எண்டோடாக்சினை அடையாளம் காண்பது இந்தக் குடும்பத்தின் டோல்-4 என்ற ரிசப்டர் என்று எலிகளில் பிடித்தது. ஹாஃப்மனுக்கும் பாய்ட்லருக்கும் 2011-ல் நோபல் பரிசு. ஜாடை பார்க்கும் இப்படிப்பட்ட ரிசப்டர்கள் இருந்தே ஆக வேண்டும் என்று 1989-லேயே எழுதிய ஜேன்வே அதற்குள் இறந்துவிட்டார். மனிதரிடம் வேலை செய்யும் டோல் ரிசப்டர்கள் பத்து.

இப்போது உங்கள் மூச்சுக்குழாய்க்கு வருவோம். தலையணையிலும் மெத்தையிலும் நாம் உதிர்க்கும் தோல்துகளைத் தின்று வாழும் தூசிப்பூச்சி, கண்ணுக்குத் தெரியாத ஜீவன். அதன் கழிவில் உள்ள புரதங்கள்தான் ஆஸ்துமாவைக் கிளப்புவதில் பெரிய புள்ளிகள். அவற்றில் ஒன்றின் பெயர் டெர்-பி-2. இதை ஏன் பெயர் சொல்லி எழுதுகிறேன் என்றால், இதன் வேலை அப்பட்டமான ஆள்மாறாட்டம். எண்டோடாக்சினை டோல்-4 கண்டுகொள்வதற்கு எம்டி-2 என்று ஒரு துணைப்புரதம் வேண்டும். அதுதான் எண்டோடாக்சினைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து காட்டும். டெர்-பி-2 அச்சு அசலாக அந்த எம்டி-2-இன் சாயலில் இருக்கிறது. 2009-ல் இது தெரியவந்தது. தூசியில் எப்போதும் இருக்கிற துளியளவு எண்டோடாக்சினை எடுத்துக்கொண்டு போய் டோல்-4 முன்னால் இது நிறுத்திவிடும். வந்தது ஒரு பூச்சியின் கழிவு. ஆனால் உடம்பு பாக்டீரியாப் படையே வந்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறது.

அப்படி நினைப்பது யார் என்பது இன்னும் சுவாரசியம். ரத்தத்தில் வரும் வெள்ளணுக்கள் என்றுதான் நாங்கள் படித்தோம். அதே 2009-ல் எலிகளை வைத்து ஒரு சோதனை வந்தது. வெள்ளணுக்களில் டோல்-4 இல்லாமல் செய்தார்கள்; தூசிப்பூச்சிச் சாறு கொடுத்ததும் ஆஸ்துமா வரத்தான் செய்தது. மூச்சுக்குழாய்ச் சுவரின் செல்களில் இல்லாமல் செய்தார்கள், வரவில்லை. ஆக முதலில் கூச்சல் போடுவது சுவர். மாணவியாக இருந்தபோது மூச்சுக்குழாய் என்றால் வெறும் ரப்பர் குழாய் என்கிற மாதிரிதான் நினைத்திருந்தேன். அந்தக் கட்டுரையைப் படித்த நாளில் என் நெஞ்சின் மேலேயே கொஞ்சம் மரியாதை வந்தது.

சுவர் கூச்சல் போடும்போது டிஎஸ்எல்பி, இன்டர்லூக்கின்-33, இன்டர்லூக்கின்-25 என்று மூன்று ரசாயனங்களை வெளியே விடும். அதைக் கேட்டு ஓடிவரும் செல்கள் இன்டர்லூக்கின்-5-ஐயும் 13-ஐயும் வாரி இறைக்கும். ஐந்து வந்தால் இயோசினோஃபில் என்ற வெள்ளணு திரளும். பதின்மூன்று வந்தால் கோழை சுரக்கும், குழாய்த் தசை எதற்கெடுத்தாலும் சுருங்கும். உங்கள் பூனை கத்துவது அப்போதுதான்.

சளி விஷயம். 2002-ல் லான்செட் மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. ஒரே வீட்டில் வாழும் ஜோடிகள். ஒருவருக்கு ஆஸ்துமா, மற்றவருக்கு இல்லை. மூக்கில் சளி உண்டாக்கும் ரைனோவைரஸ் இருக்கிறதா என்று இருவரிடமும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பார்த்தார்கள். வைரஸ் பிடிக்கும் வாய்ப்பு இருவருக்கும் ஒன்றுதான். ஆனால் ஆஸ்துமா உள்ளவருக்கு அது நெஞ்சில் இறங்கியது. கடுமையாக இருந்தது, நீண்ட நாள் நின்றது. அதனால் உங்களுக்குச் சளி அதிகம் பிடிக்கிறது என்பதைவிட, பிடித்த சளி போக மறுக்கிறது என்பதே என் ஊகம். வகுப்பில் நாற்பது பிள்ளைகளின் தும்மலுக்கு நடுவே நிற்பவர் என்பதும் கணக்கில் உண்டு. வைரஸின் இரட்டை வட ஆர்என்ஏவை டோல்-3 பார்த்ததும் சுவர் மறுபடி அதே டிஎஸ்எல்பியை விடுகிறது. தூசியால் ஏற்கெனவே வீங்கிப்போன குழாய்க்குள் இது இன்னொரு சண்டை.

இனி ஸ்டீராய்டு. டோல்-3 தூண்டினாலும் டோல்-4 தூண்டினாலும், செல்லுக்குள் பெரும்பாலும் எல்லா வழியும் என்எஃப்-கப்பா-பி என்ற புரதத்தில்தான் வந்து சேரும். அது உட்கருவுக்குள் போய் அழற்சிக்கான மரபணுக்களைச் சுற்றியிருக்கும் டிஎன்ஏ சுருளைத் தளர்த்தும்; உடனே அழற்சிப் பொருட்களைச் செய்ய அந்த மரபணுக்களின் நகல் எடுப்பு ஆரம்பம். நீங்கள் இழுக்கும் ஸ்டீராய்டு செல்லுக்குள் போய்த் தன் ரிசப்டரைப் பிடித்து, அதோடு உட்கருவுக்குள் நுழைந்து, ஹெச்டிஏசி-2 என்ற நொதியைக் கூட்டிவந்து, தளர்ந்த சுருளை மறுபடி இறுக்குகிறது. அங்கேயே நகல் எடுப்பு நின்றுபோகும்.

கவனியுங்கள், இதில் ரிசப்டரை யாரும் தொடவில்லை. ஜாடை பார்ப்பது பார்த்தபடி இருக்கிறது. பார்த்துவிட்டு ஊரைக் கூட்டுவதுதான் அடங்குகிறது. ஆய்வுக்கூடத்தில் வளர்த்த மூச்சுக்குழாய்ச் செல்களில் அழற்சிப் பொருளோடு ஸ்டீராய்டையும் சேர்த்தால் டோல்-2 இன்னும் கூடுகிறது என்றுகூடக் காட்டியிருக்கிறார்கள். வைரஸுக்கு எதிரான இன்டர்ஃபெரானை ஸ்டீராய்டு கொஞ்சம் மட்டுப்படுத்தும் என்று காட்டிய சோதனைகளும் உண்டு, மறைக்கவில்லை. ஆனால் உயிருள்ள மனிதரிடம் பார்ப்பது இதுதான்: ஒழுங்காக மருந்து இழுப்பவர்களுக்குத்தான் சளிக்குப் பின்னால் வரும் மூச்சிரைப்பு குறைகிறது. உங்களுக்கும் மூன்றாம் நாள் கத்துகிற பூனை மெல்லக் குரல் இறங்கும். இரண்டொரு வாரத்தில் மாற்றம் தெரிய ஆரம்பிக்கும், குழாயின் எரிச்சல் முழுக்க அடங்க மாதங்கள் ஆகும். நடுவில் நிறுத்தினால் பழையபடிதான்.

இன்னொருவர் கேட்டிருக்கிறார்: தூசியும் பாக்டீரியாவும்தான் காரணம் என்றால் வீட்டைத் துடைத்துத் துடைத்துச் சுத்தமாக வைத்தால் குழந்தைக்கு ஆஸ்துமா வராதுதானே?

வந்தாலும் வரும். அமெரிக்காவில் ஆமிஷ், ஹட்டரைட் என்று இரண்டு விவசாயச் சமூகங்கள். இரண்டுமே ஐரோப்பாவிலிருந்து வந்தவை, மரபும் வாழ்க்கையும் கிட்டத்தட்ட ஒன்று. ஆமிஷ் மக்கள் வீட்டை ஒட்டியே மாட்டுத் தொழுவம் வைத்துப் பழைய முறையில் பயிர் செய்கிறவர்கள். ஹட்டரைட்டுகளின் பண்ணைகள் பெரியவை, இயந்திரமயம், வீட்டிலிருந்து தள்ளி இருப்பவை. பள்ளிப் பிள்ளைகளிடம் ஆஸ்துமா ஆமிஷ்களில் 5.2 சதவீதம், ஹட்டரைட்டுகளில் 21.3 சதவீதம். 2016-ல் வெளிவந்த ஆய்வில் ஆமிஷ் வீட்டுத் தூசியில் எண்டோடாக்சின் 6.8 மடங்கு அதிகம் இருந்தது. அந்தத் தூசியை எலிகளுக்குக் கொடுத்தால் ஆஸ்துமாவிலிருந்து காத்தது. டோல் ரிசப்டர்களின் செய்தியை உள்ளே கடத்தும் இரண்டு புரதங்களை எடுத்துவிட்டால் காக்கவில்லை.

அதாவது சண்டையை மூட்டும் அதே ரிசப்டர்தான், சின்ன வயதிலிருந்தே தினம் தினம் கொஞ்சமாகப் பழகினால், "இது வழக்கமாக வருகிற ஆள்தான்" என்று அமைதியாகிவிடுகிறது. இதைப் படித்துவிட்டு, ஏற்கெனவே ஆஸ்துமா வந்துவிட்ட பிள்ளையைத் தொழுவத்தில் கொண்டுபோய் விடாதீர்கள். வந்துவிட்ட ஆஸ்துமாவை எண்டோடாக்சின் மோசமாக்கத்தான் செய்யும். பழக்கும் காலம் வேறு, பழகாமல் கெட்டுப்போன பிறகு வேறு.

இன்ஹேலர் பழக்கமாகிவிடும் என்று எல்லாரும் பயமுறுத்துகிறார்கள். அதனால் நான் ஸ்டீராய்டு இல்லாத நீல இன்ஹேலர் மட்டும்தான் உபயோகிக்கிறேன். இரண்டு இழுப்பில் மூச்சு திறந்துவிடுகிறது. மாதம் இரண்டு ஆகிறது. இது போதாதா?

போதாது. இதற்கு மட்டும் கோபத்தோடு பதில் எழுதுகிறேன், ஏனென்றால் இந்தக் கடிதத்தை முப்பது வருடத்துக்கு முன்னால் நானே எழுதியிருக்கலாம்.

மருத்துவம் படித்த காலத்தில் என் வெள்ளைக் கோட்டின் இடது பையில் எப்போதும் நீல இன்ஹேலர் இருக்கும். ஸ்டீராய்டு இன்ஹேலர் பெட்டிக்குள், துணிகளுக்கு அடியில். பாடத்தில் அதைப் பற்றிக் கேட்டால் பக்கம் பக்கமாக எழுதுவேன், இழுக்க மாட்டேன். முகம் உப்பிவிடும் என்று பயம், தோழிகள் பார்த்துவிடுவார்கள் என்று கூச்சம். ஒரு தேர்வு மாதத்தில் இரண்டு நீலம் காலியானது. கடைசித் தேர்வுக்கு முந்தைய இரவு, பத்து இழுப்பு இழுத்தும் திறக்கவில்லை. நான் பயிற்சி பெற்ற அதே அவசரப் பிரிவில் என்னைத் தள்ளுவண்டியில் கொண்டுபோனார்கள். உதடு நீலம், பேச்சில் முழு வாக்கியம் வரவில்லை. பேராசிரியர் குனிந்து "மாதம் எத்தனை பம்ப்?" என்று கேட்டார். "ஒன்று" என்றேன். அந்த நிலைமையிலும் பொய். பக்கத்தில் நின்ற நர்ஸ் அக்கா என் கோட்டுப் பையிலிருந்து காலி டப்பாக்களை எடுத்து ஒன்றும் சொல்லாமல் மேசையில் வரிசையாக வைத்தார்.

நீல இன்ஹேலரில் இருப்பது சால்புட்டமால். இறுகிய தசையைத் தளர்த்தும், நல்ல மருந்துதான். ஆனால் சுவரின் வீக்கத்தையும் கோழையையும் அது ஒன்றும் செய்யாது. மூச்சு திறந்துவிட்டதால் நோய் போய்விட்டதாக நினைப்போம். உள்ளே சண்டை நடந்துகொண்டே இருக்கும். கனடாவில் சாஸ்கச்சவன் மாகாணத்தின் மருந்துப் பதிவேடுகளை அலசி 2000-ல் வெளிவந்த ஆய்வு: முந்தைய ஒரு வருடத்தில் ஸ்டீராய்டு இன்ஹேலர் ஒன்று கூடுதலாக வாங்கியிருந்தாலே, ஒவ்வொன்றுக்கும் ஆஸ்துமாவால் இறக்கும் வாய்ப்பு 21 சதவீதம் குறைந்தது. மிகக் குறைந்த அளவுதான், ஆனால் விடாமல். 2019-லிருந்து உலக ஆஸ்துமா வழிகாட்டுதலான கினா, பெரியவர்களுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் நீல இன்ஹேலரை மட்டும் கொடுத்து அனுப்பக் கூடாது என்று சொல்கிறது. அவசரத்துக்கே ஸ்டீராய்டும், மூச்சுக்குழாயைத் திறக்கும் ஃபார்மோட்டெராலும் சேர்ந்த இன்ஹேலரை இழுக்கும் முறை இப்போது இருக்கிறது. உங்கள் டாக்டரிடம் அதைக் கேளுங்கள்.

பழக்கம் என்ற சொல்லுக்கு வருகிறேன். கண்ணாடி போட்டால் கண்ணாடி பழக்கமாகிவிடும் என்று யாரும் சொல்வதில்லை. இதில் போதையும் இல்லை, ஏங்கவும் வைக்காது. மருந்தை நிறுத்தினால் மூச்சிரைப்பு திரும்புகிறது என்றால், அது மருந்தின் பிடி அல்ல, நோய் அங்கேயே இருக்கிறது என்று பொருள்.

மாதம் இரண்டு நீலம் என்பது அபாய அளவு. அடுத்த இதழுக்குக் காத்திருக்காமல் இந்த வாரமே டாக்டரைப் பாருங்கள். பேச முடியாமல் மூச்சு வாங்கினாலோ, நீலம் இழுத்தும் கேட்காவிட்டாலோ நேரே அவசரப் பிரிவு.

எட்டு வயது மகனுக்கு பூடசோனைட் என்ற ஸ்டீராய்டு இன்ஹேலர் எழுதியிருக்கிறார்கள். வளர்த்தி நின்றுவிடும் என்கிறாள் என் அக்கா. உண்மையா?

நிற்காது, மிகச் சிறிது குறையலாம். 5 முதல் 12 வயதுள்ள 1,041 குழந்தைகளை வைத்து அமெரிக்காவில் ஒரு நீண்ட சோதனை நடந்தது. ஒரு பிரிவுக்குத் தினம் 400 மைக்ரோகிராம் பூடசோனைட், நான்கு முதல் ஆறு வருடம். அவர்கள் வளர்ந்து ஆளான பிறகு அளந்தபோது, போலி மருந்து பெற்றவர்களைவிட உயரம் சராசரியாக 1.2 சென்டிமீட்டர் குறைவு. அந்தக் குறைவும் முதல் இரண்டு வருடங்களில் விழுந்ததுதான்; பிறகு பெருகிக்கொண்டே போகவில்லை. அடிக்கடி மூச்சிரைத்து, தூக்கம் கெட்டு, வருடத்தில் நாலு தடவை பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை விழுங்கும் பிள்ளைக்கும் வளர்த்தி பாதிக்கலாம். மாத்திரை மில்லிகிராமில் போகிறது, இன்ஹேலர் மைக்ரோகிராமில். ஒரு மில்லிகிராமுக்கு ஆயிரம் மைக்ரோகிராம். எடைக்கு எடை வீரியம் கூட என்றாலும் இன்ஹேலரில் விழுங்கப்பட்டுவிடும் பூடசோனைட்டில் பெரும்பகுதியைக் கல்லீரல் முதல் சுற்றிலேயே அழித்துவிடும்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை சுவரில் நிறுத்தி உயரம் குறித்து வாருங்கள், கட்டுப்பாட்டுக்குப் போதுமான மிகக் குறைந்த அளவே கொடுக்கச் சொல்லுங்கள். இன்ஹேலருக்கும் வாய்க்கும் நடுவில் ஸ்பேசர் குழல் வைத்துக் கொடுங்கள். இழுத்த பிறகு வாய் கொப்பளித்துத் துப்பச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் நாக்கில் வெள்ளையாகப் பூஞ்சை படரும், குரல் கம்மும். அக்காவிடம் 1.2 என்று சொல்லுங்கள், தசமப் புள்ளியை அழுத்திச் சொல்லுங்கள்.

ஜிம்மில் போடுகிற ஸ்டீராய்டும் இதுவும் ஒன்றா?

இல்லை. அது ஆண் ஹார்மோனின் உறவு, இது உடம்பு சுரக்கும் கார்ட்டிசோல் என்ற இன்னொரு ஹார்மோனின் உறவு. குடும்பப் பெயர் மட்டும்தான் ஒன்று.

மூன்று மாதமாக ஸ்டீராய்டு இன்ஹேலர் இழுக்கிறேன். ஒரு பிரயோஜனமும் இல்லை. என் உடம்புக்கு ஸ்டீராய்டு கேட்காதோ?

கேட்காத உடம்பு உண்டு. ஆனால் அதற்கு முன்னால் கை, வாய், மூக்கு. அடுத்த முறை போகும்போது இன்ஹேலரை எடுத்துப்போய் டாக்டர் எதிரில் இழுத்துக் காட்டுங்கள். என்னிடம் வரும் 'கேட்காத' ஆட்களில் பாதிப்பேர் இந்த ஒரு சோதனையிலேயே கேட்கிறவர்களாக மாறிவிடுவார்கள். ஒருவர் இரண்டு வருடமாக மூடியைக் கழற்றாமல் அமுக்கிக்கொண்டிருந்தார் என்றால் நம்புவீர்களா? இன்னொரு பெரியவர் வாய்க்குள் அடித்துவிட்டு மூக்கால் மூச்சை இழுத்தார். அமுக்குகிற வகை என்றால்: குலுக்கி, மூச்சை முழுக்க வெளியே விட்டு, மெதுவாக உள்ளே இழுக்க ஆரம்பிக்கும்போதே அமுக்கி, நாலைந்து விநாடி இழுத்து, பத்து விநாடி அடக்குங்கள். பவுடர் வகைக்கு நேர் எதிர்: வேகமாக, ஆழமாக, அதற்குள் ஊதிவிடக் கூடாது. இரண்டையும் ஒரே மாதிரி இழுத்தால் ஒன்று நிச்சயம் வீண்.

இதெல்லாம் சரியாக இருந்தும் பலன் இல்லையென்றால், உள்ளே சண்டை போடுவது யார் என்று பார்க்க வேண்டும். இதில் எனக்கு ஆதர்சம் ஹாரி மோரோ பிரவுன் என்ற மருத்துவர். 1956-ல் பிரிட்டனில் நடந்த பெரிய சோதனை, நாள்பட்ட ஆஸ்துமாவில் கார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டுக்குப் பெரிய பலன் இல்லை என்று சொல்லிவிட்டது. எல்லாரும் கைவிட்ட நேரத்தில் டெர்பி நகரில் இவர் நோயாளிகளின் கோழையை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார். இயோசினோஃபில் நிறைந்த கோழைக்காரர்களுக்கு ஸ்டீராய்டு அருமையாக வேலை செய்தது, மற்றவர்களுக்கு இல்லை. 1958-ல் எழுதினார். இரண்டு கூட்டத்தையும் கலந்து சராசரி எடுத்ததால்தான் அந்தச் சோதனையில் பலன் தெரியாமல் போயிருந்தது. இழுக்கும் ஸ்டீராய்டான பெக்ளோமெத்தசோன் பற்றிய முதல் அறிக்கைகளில் ஒன்றும் 1972-ல் இவருடையதுதான். இன்று கோழைக்குப் பதில் பெரும்பாலும் ரத்தத்தில் இயோசினோஃபில் எண்ணிக்கையும், ஊதும் காற்றில் நைட்ரிக் ஆக்சைடும் பார்க்கிறோம். பெரியவர்களுக்கு அது நூறு கோடியில் 50 பங்குக்கு மேல் இருந்தால் ஸ்டீராய்டு கேட்கும் என்று நம்பலாம். 25-க்குக் கீழ் என்றால் யோசிக்க வேண்டும்.

அந்த இரண்டாவது கூட்டத்தில் பலருக்கு மூச்சுக்குழாயில் இருப்பது நியூட்ரோஃபில் என்ற வேறு வகை வெள்ளணு. முதல் பதிலில் சொன்ன டோல்-2, டோல்-4 இரண்டும் அவர்களின் கோழையில் கூடுதலாகத் தூண்டப்பட்டிருப்பதை 2007-ல் காட்டினார்கள். எண்டோடாக்சினும் அதிகம் இருந்தது. இங்கே ஆள்மாறாட்டம் கூட இல்லை, உண்மையான பாக்டீரியா ஜாடைதான். ஸ்டீராய்டு இயோசினோஃபிலைச் சாகவைக்கும். நியூட்ரோஃபிலுக்கோ ஆயுளை நீட்டிவிடும். பீடி, சிகரெட் பிடிப்பவராக இருந்தால் இன்னொரு கோளாறு: சுருளை இறுக்கும் அந்த ஹெச்டிஏசி-2 நொதியைப் புகை குறைத்துவிடும். மருந்து வாசல் வரை வந்தும் பூட்ட ஆள் இருக்காது. நீங்கள் புகைபிடிப்பவரா என்று கடிதத்தில் எழுதவில்லை. பிடித்தால், முதல் மருந்து அதை விடுவது.

அதற்குப் பிறகும் வழி உண்டு. வாரம் மூன்று நாள் அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் 500 மில்லிகிராம், 48 வாரம் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2017-ல் வந்தது; அட்டாக்குகள் குறைந்தன. காது, இதயத் துடிப்பு இரண்டையும் பரிசோதித்துவிட்டுத்தான் அதைத் தொடங்க முடியும், நீங்களாக வாங்கி விழுங்காதீர்கள். சுவர் விடும் முதல் கூச்சலான டிஎஸ்எல்பியையே மறிக்கும் டெசிபெலுமாப் என்ற ஊசி 2021-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. கடுமையான ஆஸ்துமாவுக்கு மட்டும், அதுவும் இன்ஹேலரோடு சேர்த்துத்தான். இதையெல்லாம் பேசுவதற்கு முன் மூடியைக் கழற்றினீர்களா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இன்ஹேலர் டப்பாவைத் தண்ணீரில் போட்டால் மிதக்கிறதா மூழ்குகிறதா என்று பார்த்து மருந்து மிச்சம் இருப்பதைக் கண்டுபிடிக்கலாமாமே?

கண்டுபிடிக்க முடியாது. தண்ணீர் போய் வால்வு அடைத்துக்கொள்வதுதான் மிச்சம். குலுக்கிப் பார்ப்பதும் ஏமாற்றும். மருந்து தீர்ந்த பிறகும் உள்ளே இருக்கும் வாயு கொஞ்ச நாள் புஸ்ஸென்று அடித்துக்கொண்டிருக்கும். பின்புறம் எண் காட்டும் வகையாக இருந்தால் அதைப் பாருங்கள். இல்லாவிட்டால் கணக்குதான்: 120 இழுப்பு என்று போட்டிருந்து, நீங்கள் தினம் நாலு இழுத்தால் முப்பது நாள். திறக்கும் அன்றைக்கே முடியும் தேதியைப் பேனாவால் டப்பாமேல் எழுதிவிடுங்கள். என்னுடையதில் இப்போது இருக்கும் தேதி அடுத்த மாதம் ஒன்பது.